மண்பாண்டம் செய்கிறவர்களே, முதல் சூளையில் உங்களுக்கு என்ன நடந்தது?

கைமண்:
மின்சூளை, பிஸ்க் (பூச்சு போடுவதற்கு முந்தைய முதல் சுடுதல்), மண்பாண்ட வகுப்பில் இருந்த எல்லாருடைய உருப்படிகளும் ஒன்றாக. ஏற்பாட்டையெல்லாம் விவரிக்கப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். மீட்டரில் 130, 140 டிகிரி என்று ஏறிக்கொண்டிருந்தபோது உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த அறையில் யாரோ கதவைச் சாத்தியதுபோல, அவ்வளவுதான். ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எந்தத் தட்டில் எதை வைத்தோம் என்று ஆளாளுக்கு மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தோம். மறுநாள்வரை திறக்கவும் முடியாது. இரவு படுத்தபோது 'என்னுடையதாக இருக்கக் கூடாது' என்றுதான் வேண்டிக்கொண்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்புறம்தான் உறைத்தது.

காலையில் திறந்தால், வகுப்பின் ஒரே குழந்தை செய்த யானை. நான்கு கால்கள் மட்டும் தட்டில் நிமிர்ந்து நின்றன, மேலே ஒன்றும் இல்லை. உடம்பெல்லாம் சில்லு சில்லாக என் கோப்பைக்குள் கிடந்தது. அவள் கால்களைப் பார்த்துவிட்டு, "மிச்சம் எங்க அங்கிள்?" என்றாள். கோப்பையைக் கவிழ்த்து அவள் கையில் கொட்டினேன். என் கோப்பையில் ஒரு கீறல்கூட இல்லை. கிளேஸ் (கண்ணாடி போன்ற பூச்சு) போட்டு நன்றாகவே வந்தது, ஆனால் அதில் டீ குடிக்க மனசு வரவில்லை.

புதுவைக்காரன்:
காற்றுக் குமிழ். வேறென்ன? மண்ணை ஒழுங்காகப் பிசையாமல் குழந்தையிடம் கொடுத்திருப்பார்கள். எங்கள் புதுச்சேரிப் பக்கம் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடம் தொடங்கியதிலிருந்து ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுடும் கெட்டியான பாண்டம்) செய்கிறவர்கள் நிறைய. அவர்களிடம் கற்றவர்கள் பிசைகிற பிசையைப் பார்த்தால் புரியும்.

என் முதல் சூளை கேஸ் சூளை, கிளேஸ் சுடுதல், 1,250 டிகிரிக்குப் பக்கம். என் கிண்ணத்துக்கு மேல்தட்டில் இருந்த யாருடைய ஜாடியிலிருந்தோ கிளேஸ் வழிந்து, என் கிண்ணத்தின் விளிம்பில் சொட்டி அப்படியே உறைந்துவிட்டது. நீலச் சொட்டு ஒன்று, விழப்போகிற நிலையில். ஜாடிக்காரர் மன்னிப்புக் கேட்டார். எனக்கோ, நான் பூசிய கிளேஸைவிட அந்தச் சொட்டுதான் அழகாகத் தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை.

திருகை:
@புதுவைக்காரன், காற்றுக் குமிழால் வெடிக்காது. இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். காய்ந்த மண் முழுக்க நுண்துளைதான், சூடேறி விரிகிற காற்று அதன் வழியே நிதானமாகப் போய்விடும். வெடிக்க வைப்பது ஈரம். தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகும். கைமண் சொன்ன 130, 140 டிகிரியைக் கவனியுங்கள், ஆவியின் வேலை நடக்கிற இடம் அதுதான். குழந்தைகள் யானையைக் கெட்டியான உருண்டையாகப் பிடிப்பார்கள். வெளியே காய்ந்து வெளுத்திருக்கும், வயிற்றுக்குள் ஈரம் அப்படியே இருக்கும். கால்கள் மெலிசு, காய்ந்துவிட்டன, அதனால்தான் நின்றன. குமிழ் இருக்கிற இடம் பெரும்பாலும் தடிமனான இடமாக இருப்பதால் பழி குமிழ்மேல் விழுகிறது.

யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் முதல் தடவை சுடப்போகிறவர்கள் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். தடிமனான உருப்படி என்றால் பாதி காய்ந்த நிலையில் அடியிலிருந்து குடைந்து எடுத்துவிடுங்கள். சூளையை முதலில் 80, 90 டிகிரியிலேயே சில மணி நேரம் நிறுத்துங்கள், பார்க்கும் துளையை மூடாதீர்கள். துளைக்கு முன்னால் ஒரு சின்னக் கண்ணாடியைக் காட்டுங்கள். பனி படிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, பொறுங்கள். படியாவிட்டால் மேலே போகலாம். 600 தாண்டும்வரை அவசரமே வேண்டாம். 573-இல் மண்ணிலிருக்கும் குவார்ட்ஸ் என்ற தாது சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். மண்ணோடு கலந்த நீரும் ஏறத்தாழ அந்த வாக்கில்தான் பிரிந்து போகும். ஆறுவதற்கு முன் கதவைத் திறந்து எட்டிப்பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும். மீட்டர் 100-க்குக் கீழே இறங்கட்டும்.

என் கதை? முதல் சூளையில் எல்லாம் நன்றாக வந்தது. சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் உறுத்தல்.

வைகைக்கரை:
எங்கள் ஊர் மானாமதுரைக்குப் பக்கம். மீட்டர், மின்சாரம் எதுவும் இல்லாத சூளை. அடியில் விறகு, வரட்டி, மேலே பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, வைக்கோல் போர்த்தி, சேறு பூசி, புகைக்குத் துளை விடுவார்களே, அது. பக்கத்துத் தெரு வேளார் வீட்டில் ஆசைக்கு ஒரு சட்டி செய்யக் கற்றுக்கொண்டேன். சக்கரத்தில் வனைந்து, பலகையால் தட்டி, நிழலில் காயவைத்தது.

அடுக்குகிற அன்று அந்த வீட்டுப் பாட்டி ஒவ்வொரு பானையாக எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்து மகனிடம் நீட்டிக்கொண்டிருந்தார். என் சட்டி வந்தது. ஒற்றினார். இன்னொரு கன்னத்திலும் ஒற்றினார். "இது இன்னும் குளிருது தம்பி" என்று தனியாக ஓரத்தில் வைத்துவிட்டார். அவ்வளவுதான். என் சட்டி அந்தச் சூளைக்குள் போகவே இல்லை. ராத்திரி முழுக்க அடுத்தவர் பானைகளுக்குக் காவல் இருந்தேன். சேற்றில் விட்ட துளை வழியே உள்ளே சிவப்பாகத் தெரிந்தபோது, அதில் என்னுடையது ஒன்றும் இல்லை என்பது சுருக்கென்றது.

திருகை சொல்கிற கண்ணாடியெல்லாம் சரிதான். நான் பிறகு அதே சட்டியை என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், எனக்குக் குளிர்ச்சி தெரியவில்லை.

திருகை:
@வைகைக்கரை, ஈரம் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும், அதனால் ஈரமான இடம் சில்லென்று இருக்கும். உதட்டில் வைத்துப் பாருங்கள், கன்னத்தைவிட நன்றாகத் தெரியும்.

வைகைக்கரை:
எனக்குக் காரணம் வேண்டாம் சார், அந்தக் கன்னம் வேண்டும்.

உட்லண்ட்ஸ் வாசி:
சிங்கப்பூரிலிருந்து. ஜாலான் பஹார் பக்கம் 1940-இல் கட்டிய டிராகன் சூளை ஒன்று இன்னும் இருக்கிறது. சரிவில் நீளமாகப் படுத்திருக்கும், விறகுதான் எரிபொருள். முன்வாயில் தீ மூட்டி, அப்புறம் பக்கத்துத் துளைகள் வழியே விறகு போட்டுக்கொண்டே மேலே போவார்கள். எங்களைப் போன்றவர்களும் உருப்படி கொடுக்கலாம், முறைபோட்டு விறகு போட வேண்டும். விறகுச் சாம்பல் பறந்துபோய்ப் பாத்திரத்தில் ஒட்டி, அந்தச் சூட்டில் தானாகவே கிளேஸ் ஆகிவிடும். என் குவளையில் தீயைப் பார்த்த பக்கம் பச்சையும் மறுபக்கம் வெறும் பழுப்புமாக வந்தது.

என்னை ஆட்டியது அது அல்ல. விறகு போடும் இடைவேளையில் ஒரு பெரியவர், இந்தச் சூளைகள் ஒரு காலத்தில் முக்கியமாகச் சுட்டது ரப்பர் தோட்டங்களில் மரத்துப் பால் பிடிக்கும் கோப்பைகளை என்றார். எங்கள் அப்பாயி ஜொகூர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். 'மங்கு' என்பார். மங்கு உடைந்தால் கங்காணி ஏசுவார் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த மங்கு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டதே இல்லை, அவரும் யோசித்திருக்க மாட்டார். அதற்கப்புறம் என் முறை வந்தபோது, துளைக்குள் விறகைத் தள்ளக் கை கொஞ்சம் தயங்கியது. ஏன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

புதுவைக்காரன்:
உட்லண்ட்ஸ், அருமை. திருகை, குமிழ் விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஈரம்தான் என்றால், குமிழுக்குள் தேங்கி நிற்கும் ஈரத்தை என்ன சொல்வீர்கள்?

திருகை:
அதையும் ஈரம் என்றுதான் சொல்வேன்.

மொட்டைமாடி:
சண்டைக்கு நடுவில் என்னுடையது. வெடிக்கவும் இல்லை, விரிசல் விடவும் இல்லை. சூளையிலிருந்து வந்த சாப்பாட்டுத் தட்டைத் தட்டினால் 'ணங்' என்று கேட்டது, வீட்டில் எல்லாரும் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ஷோகேஸில் வைத்தேன். மழைக்காலம் வந்தது. ஒரு நாள் அடியில் செதில் ஒன்று விழுந்து கிடந்தது. எலியாக இருக்கும் என்றார் மாமியார். பிறகு இன்னொன்று. எடுத்துப் பார்த்தால் தட்டெங்கும் அம்மை போட்ட மாதிரிப் பள்ளங்கள், ஒவ்வொரு பள்ளத்தின் நடுவிலும் வெள்ளைப் புள்ளி. மண்ணில் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புக் கல் இருந்திருக்கிறது. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகி, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊதி, மேலிருக்கும் மண்ணைத் தள்ளிவிடுமாம். தீயையே தாங்கிய தட்டு, ஷோகேஸுக்குள் உட்கார்ந்தபடியே உதிர்ந்தது.

மண் விற்றவரைக் கேட்டால் "ஊறவைத்து வடிகட்டியிருக்கணும்மா" என்கிறார். வடிகட்டிய மண் என்று சொல்லித்தான் கூடுதல் விலை வாங்கினார். பாதி மூட்டை இன்னும் மாடியில் கிடக்கிறது. எவ்வளவு பொடியான சல்லடையில் அரித்தால் இந்தக் கல் நிற்கும் என்று யாருக்காவது தெரியுமா? திருகை, ஒரு வரியில் சொல்லுங்கள் போதும்.