"நீயும் போயிருவியாம்மா?" ஆறு வயதுக்காரனுக்கு என்ன சொல்வது?

மழைக்குருவி:
நாங்கள் வளர்த்த முயல் போன வாரம் செத்துப்போச்சு. "தூரமா ஒரு தோட்டத்துக்குப் போயிருக்கு"ன்னு என் மாமியார் பையனிடம் சொல்லிவிட்டார். அவனும் தலையாட்டினான். ஆனால் ராத்திரி விளக்கை அணைத்ததும், "நீயும் அந்தத் தோட்டத்துக்குப் போயிருவியாம்மா?" என்கிறான். மாட்டேன் என்றால் பொய். ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பச்சப்புள்ளகிட்ட சாவைப் பத்தி என்ன பேச்சு" என்கிறார் அத்தை. எனக்கென்னவோ, பாதி தெரிந்துதான் கேட்கிறான் என்று படுகிறது. உங்கள் வீட்டில் எப்படிச் சொன்னீர்கள்?

எழுத்தாணி:
ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். நிலா கூடவே நடந்து வருது, பொம்மைக்குப் பசிக்குது, இப்படிப் பிள்ளைகள் நம்புவதையெல்லாம் திருத்தாமல் விட்டுவிடுங்கள், தானாக உதிரும். சாவு அந்த ரகமில்லை. மரியா நாகி என்பவர் புடாபெஸ்டில் 3 முதல் 10 வயது வரையான 378 குழந்தைகளிடம் கேட்டு 1948இல் வெளியிட்ட ஆய்வில், 5 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சாவை ஏதோ பயணம்போல, தூக்கம்போலத்தான் பேசினார்கள். 5லிருந்து 7 வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு விஷயம் பிடிபட்டுவிடும் என்கின்றன பிறகு வந்த ஆய்வுகள். உங்கள் பையன் அந்த வாசலில் நிற்கிறான். தோட்டக் கதை அவனை முயலுக்காகக் காத்திருக்க வைக்கும். "செத்துப்போச்சு. இனி மூச்சு விடாது, வலிக்காது, திரும்பி வராது." இவ்வளவு போதும். "தூங்கிருச்சு"ன்னு மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் படுக்கவே பயப்படுவான்.

பழையவன்:
எனக்கு எட்டு வயதில் அப்பா தவறினார். ஒளிக்காமல் சொன்னார்கள், அதில் குறையே இல்லை. மறுநாளே ஒருத்தர் தோளில் கைபோட்டு, "இனி நீதான்டா வீட்டுக்குப் பெரியவன்" என்றார் பாருங்கள், அதைத்தான் இன்னும் செரிக்க முடியவில்லை. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கள் சகோ. கேட்காததை அள்ளிக் கொட்ட வேண்டாம்.

மழைக்குருவி:
நேற்று சொல்லிவிட்டேன். "எல்லாரும் ஒருநாள் சாவோம். ஆனா அம்மா ரொம்ப நாள் இருப்பேன்னுதான் நினைக்கிறேன்." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நாளைக்கு ஸ்கூலுக்கு நீதான கூட்டிட்டுப் போவ?" நான்தான் என்றதும் தூங்கிவிட்டான். காலையில் எழுந்ததும், புதைத்த இடத்தைக் காட்டச் சொல்கிறான். காட்டலாமா?

எழுத்தாணி:
காட்டுங்கள். "தோண்டிப் பார்க்கலாமா"ன்னும் கேட்பான், தயாராக இருங்கள்.