டொபிக் சென்டன்ஸ்: தலைப்பு வாக்கியமா, நுதல் வசனமா, வேறா?

வணக்கம்.

கொட்டாஞ்சேனையில் சனிக்கிழமைகளில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதப் பழக்குகிறேன். ஒரு பந்தியின் மையக் கருத்தைச் சொல்லும் வசனத்தை ஆங்கில டீச்சர் 'டொபிக் சென்டன்ஸ்' என்று சொல்லிக்கொடுத்ததை நான் தமிழ் வகுப்பில் சொல்லப் போனால் வாயில் சொல் இல்லை. 'தலைப்பு வாக்கியம்' என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் தலைப்பையே வாக்கியமாக்கி வைத்துவிட்டார்கள்! 'கொழும்பில் வெள்ளம்' என்று தலைப்புக் கொடுத்தால் நாலு பந்தியும் 'கொழும்பில் வெள்ளம் ஏற்படுகிறது' என்றே தொடங்குகிறது. பிள்ளைகளில் பிழையில்லை. நான் சொன்னதைத்தான் செய்தார்கள்.

எனக்கு வேண்டியது இப்படியொரு வசனம்: 'கொழும்பின் வெள்ளத்துக்கு மழை மட்டும் காரணமில்லை, மழைநீர் தங்கிய சதுப்பு நிலங்களை நாம் நிரப்பியதும் காரணம்.' இதை எழுதிவிட்டால் அந்தப் பந்தியில் களனி கங்கையும் கொலன்னாவையும் வரலாம், 2018இல் கொழும்புக்குக் கிடைத்த ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகர அங்கீகாரமும் வரலாம். டெங்கு வர முடியாது, அதற்கு வேறு பந்தி. எது உள்ளே, எது வெளியே என்று தீர்க்கிற இந்த வசனத்துக்கு என்ன பெயர்?

— மறுமொழி, சென்னையிலிருந்து:

ஐயா, பழைய சரக்கிலேயே இருக்கிறது. நன்னூல் சொல்லும் 32 உத்திகளில் முதலாவது 'நுதலிப் புகுதல்'. சொல்லப்போவதை முதலில் சுட்டிவிட்டு உள்ளே நுழைவது. எனவே 'நுதல் வாக்கியம்'. நுதல் என்றால் நெற்றியும்தான், பந்தியின் நெற்றியில் இருக்கும் வாக்கியம். இரண்டு பொருளும் பொருந்துகின்றன. 'கொளு' என்றும் யோசித்தேன். புறப்பொருள் வெண்பாமாலையில் வெண்பாவுக்கு முன் அதன் துறையின் (பாடுபொருளின்) கருத்தைச் சுருக்கிச் சொல்வது கொளு.

— மறுமொழி, மட்டக்களப்பிலிருந்து:

சேர், கொளு வேண்டாம். பத்தாம் வகுப்புப் பெடியன்களிடம் 'கொளு எழுது' என்றால் 'கொளுத்து' என்று சிரிப்பார்கள், அன்றைய பாடம் முடிந்தது. வாக்கியமும் வேண்டாம், இங்கே நாங்கள் சொல்வது வசனம். (தமிழ்நாட்டு நண்பருக்கு வசனம் என்றால் சினிமாதான் நினைவுக்கு வரும், மன்னிக்கவும்.) 'தலை வசனம்' என்றால் எல்லாருக்கும் விளங்குமே?

— முதலில் எழுதியவரின் மறுமொழி:

இரண்டு பேருக்கும் நன்றி. 'நுதல்' எனக்குப் பிடித்திருக்கிறது, சொல்லவும் அழகு. ஆனால் நுதல், தலை இரண்டுக்கும் ஒரே சிக்கல். இரண்டும் அந்த வசனம் இருக்கும் இடத்தைச் சொல்கின்றன, அது பார்க்கும் வேலையைச் சொல்லவில்லை. நன்றாக எழுதுகிற பிள்ளை சம்பவத்தை முதலில் சொல்லி, பந்தியின் கடைசி வரியில் கருத்தை வைப்பாள். அவளிடம் போய் 'உன் தலை காலில் இருக்கிறது' என்று சொல்வதா?

யோசித்துக்கொண்டிருந்தபோது திருத்தின தாள் ஒன்றின் ஓரத்தில் நானே எழுதியிருந்தது கண்ணில் பட்டது: 'பிடிகொடுக்காமல் எழுதியிருக்கிறாய்.' அதுதானே குறை! அப்படியானால் பிடி கொடுக்கிற வசனம் 'பிடிவசனம்'. குடைக்குப் பிடி கீழே, சட்டிக்குப் பக்கத்தில். எங்கே இருந்தாலும் அதைப் பிடித்துத்தான் முழுவதையும் தூக்குகிறோம். பிடிவாதத்தின் சாயல் விழுகிறது என்று சொல்வீர்கள். விழட்டும், பந்தி தன் கருத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருப்பது நல்லதுதான்.

கட்டுரைத் திட்டத்துக்கும் இது உதவுகிறது. தமிழ்நாட்டில் விடைத்தாளில் 'குறிப்புச் சட்டகம்' எழுதுவார்கள். சொல் நல்ல சொல், அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குள் முன்னுரை, காரணங்கள், தீமைகள், முடிவுரை என்று ஒற்றைச் சொற்களாக அடுக்கினால் அது எந்தத் தலைப்புக்கும் பொருந்தும். தலைப்பை மாற்றினாலும் சட்டகம் மாறாது. போன சனி, சட்டகத்தில் ஒற்றைச் சொல்லே கூடாது, பிடிவசனங்கள் மட்டும் என்றேன். எழுதியதைப் பக்கத்துப் பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும். நாலு வசனமும் ஒன்றையொன்று தொடர்ந்து ஒரு கதைபோல நகர்ந்தால் எழுதத் தொடங்கலாம், இடையில் அறுந்தால் அங்கே ஒரு பந்தி குறைகிறது. பத்து நிமிட வேலை. இதில் மாட்டியவர்கள் பெரும்பாலும் அழகான கையெழுத்துக்காரர்கள், ஏனென்று தெரியவில்லை.

முழுக் கட்டுரைக்குமான ஒற்றைக் கருத்துக்கு என்ன பெயர் என்றும் கேட்பீர்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மரபில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று ஒரு வரிசை உண்டு. அங்கே மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. எவ்வளவு பொருத்தமான சொல்! ஆனால் இன்றைக்கு மேற்கோள் என்றால் பிள்ளைகள் இரட்டைக் குறி போட்டுத் திருக்குறளை எழுதிவிடுவார்கள். அந்தச் சொல் கைவிட்டுப் போய்விட்டது. 'நிலைப்பாடு' போதும், எல்லாருக்கும் தெரிந்த சொல்.

ஆக, பிடிவசனத்துக்கு மறுப்பு இருந்தால் சனிக்கிழமைக்கு முன் சொல்லுங்கள். 'பிடிவாக்கியம்' என்று எழுத விரும்பும் சென்னை நண்பரோடு எனக்குச் சண்டையில்லை.