அவசரம்: மோட்டல் ரூம் ஃபோன், 911, வியாழக்கிழமை இன்சூரன்ஸ் ஆள் வர்றார். கையெழுத்து போடலாமா?

புதுசா_வந்தவ
எல்லாருக்கும் வணக்கம். ஹெச்-4 ஈஏடி (ஹெச்-1பி-காரரோட துணைக்குத் தர்ற வேலை அனுமதி) கிடைச்சு ஒரு மோட்டல்ல ஃப்ரன்ட் டெஸ்க் வேலைக்குச் சேர்ந்திருக்கேன். இன்னிக்கு முதலாளி ஒரு தாளை நீட்டி, "நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணாச்சே, ஃபோன்ல 911 சட்டப்படி இருக்கான்னு பாத்து ஒரு கையெழுத்து போட்டுடு, வியாழக்கிழமை இன்சூரன்ஸ்ல இருந்து வர்றாங்க"ன்னுட்டார். ரூம் ஃபோன்ல வெளி லைனுக்கு 9 அழுத்தணும். அவசர உதவி நம்பரான 911-க்கும் அப்படித்தானாம், நைட் ஷிஃப்ட் ஆள் சொல்றார். தப்பாப் போயிட்டா விசாவுக்கு ஏதாவது ஆகுமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ், தூக்கமே வரல.

ஜெர்சிஅக்கா
கையெழுத்தே போடாதம்மா. இந்த ஊர்ல எதுல கையெழுத்து போட்டாலும் அது நம்ம தலையிலதான் விடியும். அப்புறம் ஒண்ணு, 911 கூப்பிட்டா ஆம்புலன்ஸ் பில் எவ்வளவு வரும்னு தெரியுமா? முதல்ல உன் ஹெல்த் இன்சூரன்ஸ் என்னன்னு பாரு. டிடக்டபிள் (இன்சூரன்ஸ் தர்றதுக்கு முன்னாடி நாம கட்டற தொகை) எவ்வளவு?

மோட்டல்மாமா
பயப்படாதம்மா. பழைய பில்டிங்னா அந்தச் சட்டம் பொருந்தாது. இந்த ஊர் மோட்டல்ல பாதி அப்படித்தான் ஓடுது. ஒருத்தனும் கேக்க மாட்டான்.

கம்பிவேலை
மாமா, பில்டிங் வயசு கணக்கே இல்ல, ஃபோன் சிஸ்டத்தோட வயசுதான் கணக்கு. இந்த 911 ஃபோன் சட்டத்துக்குப் பேர் காரீஸ் லா, 2018 பிப்ரவரி 16-ல கையெழுத்தாச்சு, 2020 பிப்ரவரி 16-ல அமலுக்கு வந்துச்சு. அந்தத் தேதிக்கு அப்புறம் தயாரிச்ச, இறக்குமதி பண்ணின, முதல்முறையா வித்த, வாடகைக்கு விட்ட, இல்ல நிறுவின எந்த மல்டி-லைன் சிஸ்டமா (பல ஃபோன்களை ஒண்ணா இணைக்கற சிஸ்டம்) இருந்தாலும் 911-னு மூணு இலக்கம் அழுத்தினாலே கால் போகணும். முன்னாடி 9, 8 எதுவும் கேக்கக் கூடாது. 1978-ல கட்டின மோட்டலா இருந்தாலும் 2021-ல புது பெட்டி (எல்லா ரூம் ஃபோனையும் இணைக்கற கருவி) மாட்டினா சட்டத்துக்குள்ள வந்துடும்.

தங்கச்சி, நீங்க மூணு விஷயம் சொல்லல. எந்த ஸ்டேட்? சிஸ்டம் எந்த வருஷம் மாட்டினது? பெட்டி அங்கேயே இருக்கா, க்ளவுடா? இது தெரியாம இங்க யார் சொல்ற பதிலும் உங்களுக்குப் பாதிதான் உதவும்.

டொரான்டோகாரன்
இங்க கனடாவிலயும் 911தான். ஆனா இப்படித் தாள்ல எல்லாம் கையெழுத்து கேக்க மாட்டாங்க.

லண்டன்வாசி
எங்களுக்கு 999, இல்லாட்டி 112. ஆஃபீஸ் லைன்ல 9 முன்னாடி போட்டு 9999-னு அழுத்தற பழக்கம் இங்கயும் இருக்கு. ஊர்ல 108-ம் 112-ம் அழுத்திப் பழகின கைக்கு இதெல்லாம் குழப்பம்தான்.

கம்பிவேலை
கனடா, லண்டனுக்குத் தனித் திரி போடுங்கப்பா. காரீஸ் லா அமெரிக்க எல்லைக்குள்ள மட்டும்தான்.

ஹூஸ்டன்_மிளகாய்
இந்தக் காலத்துல ரூம் ஃபோனை யார் தொடறாங்க? எல்லார் கையிலயும் செல் இருக்கு. சிம் இல்லாத ஃபோன்லகூட 911 போகும். இதுக்குப் போய் ஒரு சட்டம், ஒரு இன்ஸ்பெக்‌ஷன், அதுக்கு ஒரு ஃபீஸ். வர்றதுக்கு முன்னாடி விசா ஃபீஸ், வந்த பிறகு லைசென்ஸ் ஃபீஸ்...

டயல்டோன்
சிம் இல்லாத செல்ல 911 போகும்கறது உண்மைதான். ஆனா லைன் அறுந்தா 911 மையத்தால திருப்பிக் கூப்பிட முடியாது, ஏன்னா அந்த ஃபோனுக்கு நம்பரே இல்ல. எந்த ரூம்னும் செல் சொல்லாது.

இந்தச் சட்டம் பிறந்ததே ஒரு மோட்டல் ரூம்லதான். 2013 டிசம்பர் 1, டெக்சஸ் மார்ஷல் ஊர். காரி ஹன்ட் அந்த ரூம்ல கொலை செய்யப்பட்டாங்க. அவங்களோட 9 வயசுப் பொண்ணு ரூம் ஃபோன்ல நாலு தடவை 911 அழுத்தினா. முன்னாடி 9 போடணும்னு அவளுக்குத் தெரியாததால ஒரு கால்கூட வெளிய போகல. அந்தப் பேர்லதான் சட்டம். அதனால "யார் தொடறாங்க"ன்னு மோட்டல்காரங்க சொல்லாம இருக்கறது நல்லது.

ஜெர்சிஅக்கா
ஐயோ. சரி, நான் சொன்னது பில் விஷயம் மட்டும்தான்.

டயல்டோன்
அக்கா, 911-க்குக் கூப்பிடறதுக்குக் காசு கிடையாது. பெரும்பாலும் ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போனாத்தான் பில். புதுசா வந்தவங்க பில்லுக்குப் பயந்து கூப்பிடாம இருந்துடக் கூடாது, அதான் தனியாச் சொல்றேன். இங்கிலீஷ் தடுமாறினா "தமிழ்"னு மட்டும் சொல்லுங்க. பல மையங்கள்ல ஃபோன் வழியாவே மொழிபெயர்ப்பாளரை இணைப்பாங்க.

புதுசா_வந்தவ
மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். டெக்சஸ். சிஸ்டம் 2022-ல மாட்டினதாம், பில்லுல தேதி இருக்கு. ஆஃபீஸ் ரூம்ல சின்னப் பெட்டி ஒண்ணு, அதுல ஃப்ரீபிபிஎக்ஸ்னு போட்டிருக்கு. பழைய ரூம் ஃபோன்களையே ஏதோ அடாப்டர் பெட்டிகள்ல சொருகியிருக்காங்க. ரெண்டு கட்டடம், தலா ரெண்டு மாடி, மொத்தம் 60 ரூம். மெயின் நம்பர் ஒண்ணே ஒண்ணுதான். ஆளே இல்லாத ரூம்ல இருந்து 911 அழுத்திப் பாக்கட்டுமா?

கம்பிவேலை
வேண்டாம்! முதல்ல 933 அழுத்துங்க. பல வாய்ப் (இன்டர்நெட் வழியா ஃபோன் லைன் தர்ற) கம்பெனிகள் அந்த நம்பரைச் சோதனைக்குன்னே வச்சிருக்காங்க. நீங்க எந்த நம்பர்ல இருந்து கூப்பிடறீங்க, எந்த முகவரி பதிவாயிருக்குன்னு ரெக்கார்டிங் குரல் வாசிக்கும். அதைத் தாள்ல எழுதிக்கங்க. நிஜ 911-க்குச் சோதனை கால் போடணும்னா, உங்க ஏரியா மையத்தோட நான்-எமர்ஜென்சி நம்பருக்கு முன்கூட்டியே பேசி நேரம் வாங்கணும். எடுத்ததும் முதல் வாக்கியமே "இது சோதனை, அவசரம் எதுவும் இல்ல"ன்னு இருக்கணும். அப்புறம் அவங்க திரையில தெரியற நம்பர், முகவரி, ரூம் மூணையும் கேட்டு வாங்குங்க.

2022-னு சொன்னதால சந்தேகமே இல்ல, சட்டம் பொருந்தும். டெக்சஸ்ல 2016 செப்டம்பர் 1-ல இருந்தே மாநிலச் சட்டமும் இருக்கு. உங்க பெட்டியில இருக்கற ஃப்ரீபிபிஎக்ஸ்ங்கறது ஃபோன் சிஸ்டத்தை நடத்தற சாஃப்ட்வேர். இப்ப அதுக்குள்ள பாக்க வேண்டியது:

அவுட்பவுண்ட் ரூட்ல (வெளிய போற காலுக்கு வழி சொல்ற பகுதி) 911, 933, 9911 மூணையும் தனி ரூட்டாப் போட்டு, 'எமர்ஜென்சி'ன்னு டிக் பண்ணி, வரிசையில எல்லாத்துக்கும் மேல வைங்க. 9911 எதுக்குன்னா, பழைய ஸ்டிக்கரைப் பாத்து 9 சேத்து அழுத்தறவங்க காலும் போகணும். சட்டம் 9 கேக்கக் கூடாதுங்குதே தவிர, 9 சேத்தா காலைத் தடுக்கச் சொல்லல.

அங்கேயே நின்னுடாதீங்க. உங்க விஷயத்துல கோளாறு பெரும்பாலும் அந்த அடாப்டர்லதான் இருக்கும். அடாப்டருக்குன்னு தனியா டிஜிட் மேப் (எந்த இலக்கம் அழுத்தினதும் காலை அனுப்பணும்கற பட்டியல்) உண்டு. அதுல 911 இல்லைன்னா, பெட்டியில எவ்வளவு சரியா எழுதியிருந்தாலும் அடாப்டர் அடுத்த இலக்கத்துக்காகக் காத்துக்கிட்டே இருக்கும். சில விநாடி மௌனம், பதட்டத்துல இருக்கறவங்க ரிசீவரை வச்சுடுவாங்க. ஒவ்வொரு அடாப்டர்லயும் 911-ஐ உடனே அனுப்பற மாதிரி சேக்கணும். ஒண்ணுல மாத்திட்டு எல்லாத்துலயும் மாறிடுச்சுன்னு நினைக்காதீங்க.

டயல்டோன்
கம்பி அண்ணன் சொன்னதோட மோட்டலுக்கே உரிய ஒண்ணு. கெஸ்ட் செக்-அவுட் ஆனதும் ரூம் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் அந்த ரூம் ஃபோனைப் பூட்டிடும், வெளிய கால் போகாது. பல இடத்துல 911-ம் சேந்து பூட்டிக்குது. க்ளீன் பண்ண வர்ற அக்கா காலியான ரூம்ல வழுக்கி விழுந்தா? அதனால செக்-அவுட் ஆன ரூம்லயும் 933 அடிச்சுப் பாருங்க.

ஹூஸ்டன்_மிளகாய்
இவ்வளவு எதுக்கு? 911 அழுத்தினா ஃப்ரன்ட் டெஸ்க்குக்கு வர வச்சுட்டாப் போச்சு. இவங்க எடுத்து நிலவரம் தெரிஞ்சு 911-க்குச் சொல்லிடலாமே.

கம்பிவேலை
கூடாது. கால் நேரா 911 மையத்துக்கே போகணும், நடுவுல ஆள் நிக்கக் கூடாது. ஃப்ரன்ட் டெஸ்க்குக்குப் போக வேண்டியது தகவல் மட்டும்தான். கால் போற அதே நேரத்துல, காலைத் தாமதப்படுத்தாம, "911 போயிருக்கு, திருப்பிக் கூப்பிட நம்பர் இது, இடம் இது"ன்னு ஒரு அறிவிப்பு வரணும். திரையில பாப்-அப், எஸ்எம்எஸ், ஈமெயில் எதுவா இருந்தாலும் சரி, ஒருத்தர் கண்ணுலயோ காதுலயோ படற இடமா இருக்கணும். ராத்திரி ஒரே ஆள், அவரும் லான்ட்ரி ரூம்ல இருப்பாருன்னா எஸ்எம்எஸ் அவர் கைக்கு வரணும். வேலையை விட்டுப் போன மேனேஜரோட ஈமெயிலுக்கே இன்னும் போயிட்டிருக்கறதுதான் வழக்கமா மாட்டற தப்பு, அதைக் கண்டிப்பாப் பாருங்க.

மோட்டல்மாமா
சரி, பழைய பில்டிங்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ரூம் நம்பர் வரைக்கும் 911-க்குப் போகணுமா? ஒரே மெயின் நம்பர்ல அது எப்படி? எங்களுக்கு மாட்டின ஆள் தெரு முகவரி போதும்னார்.

டயல்டோன்
போதாது மாமா. அது இன்னொரு சட்டம், ரே பாம்ஸ் ஆக்ட் 506-ஆம் பிரிவு. ரூம் ஃபோன் மாதிரி நகராத கருவிக்கு 2021 ஜனவரி 6-ல இருந்து, நகர்ற கருவிக்கும் கட்டடத்துக்கு வெளிய இருக்கறதுக்கும் 2022 ஜனவரி 6-ல இருந்து. தெரு முகவரியோட, அந்த ஆளைக் கண்டுபிடிக்கற அளவு மாடி, ரூம் விவரமும் போகணும், ரூம் ஃபோன் மாதிரி நகராததுன்னா தானாவே போகணும். 60 கதவு இருக்கற இடத்துல வெறும் தெரு முகவரியை வச்சு ஆம்புலன்ஸ்ல வர்ற பாராமெடிக் என்ன பண்ணுவார், ஒவ்வொரு கதவாத் தட்டுவாரா?

ரெண்டு வழி. ஒண்ணு, ரூமுக்கு ஒரு நம்பர் வாங்கி, எக்ஸ்டென்ஷன்ல (அந்த ரூம் ஃபோனோட உள் எண்) 'எமர்ஜென்சி சிஐடி' (911 மையத்துக்குக் காட்டற நம்பர்) கட்டத்துல அதைப் போட்டு, ஒவ்வொரு நம்பருக்கும் "கட்டடம் பி, மாடி 2, ரூம் 214"ன்னு கம்பெனி போர்ட்டல்ல பதியறது. இன்னொண்ணு, ஒரே நம்பர்லயே எக்ஸ்டென்ஷன் வாரியா இடம் அனுப்பற சேவை இருக்கான்னு கம்பெனியைக் கேக்கறது. எதைச் செஞ்சாலும் ட்ரங்க் (வெளி லைன்) செட்டிங் மெயின் நம்பரை மேல போட்டு அழிச்சுடுதான்னு 933-ல பாத்துக்கங்க. அடிக்கடி நடக்கற கோளாறு இது.

கம்பிவேலை
முகவரியிலயும் கவனம். இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல்களுக்குத் தபால் பெட்டி முகவரி ஒண்ணு, ஃப்ரன்டேஜ் ரோடு (நெடுஞ்சாலையை ஒட்டின பக்கச் சாலை) முகவரி ஒண்ணு இருக்கும். பதிவாக வேண்டியது வண்டி வந்து நிக்கற முகவரி. போர்ட்டல் 'சரிபார்க்கப்பட்டது'ன்னு காட்டணும், வெறுமனே 'சேமிக்கப்பட்டது'ன்னு வந்தா போதாது.

அப்புறம் திருப்பிக் கூப்பிடற கால். 911 மையம் கூப்பிட்டா "ரிசர்வேஷனுக்கு 1 அழுத்தவும்"னு குரல் பேசினா என்ன ஆகும்? ரூமுக்குத் தனி நம்பர்னா அது ரூம்லயே அடிக்கற மாதிரி வைங்க. மெயின் நம்பர்னா ராத்திரியிலயும் மனுஷன் எடுக்கணும்.

கரன்ட் போனா? பெட்டி மட்டும் யூபிஎஸ்ல இருந்து பிரயோஜனம் இல்ல. மோடம், ரவுட்டர், ஸ்விட்ச், அடாப்டர் எல்லாம் அதே யூபிஎஸ்ல இருக்கணும்.

ஜெர்சிஅக்கா
ஒரு சந்தேகம். ஆஃபீஸ் ஃபோன்ல இருந்து ஊருக்குப் பேச 9, அப்புறம் 011, 91-னு அழுத்தறோமே. அதுல அந்த 0 விட்டுப் போச்சுன்னா 911-தானே ஆகுது?

டயல்டோன்
அதேதான் அக்கா. ஊருக்குக் கூப்பிடறவங்களுக்குன்னே வச்ச பள்ளம் இது. 911-ஐ உடனே அனுப்பச் சொல்லிட்டா, 0 விட்டவங்க கால் யோசிக்காம மையத்துக்குப் போயிடும். அப்படி ஆனா தயவுசெஞ்சு வச்சுடாதீங்க. லைன்ல இருந்து "தப்பா அழுத்திட்டேன், அவசரம் இல்ல"ன்னு சொல்லிட்டு, அவங்க சரின்னதும் வைங்க. வச்சுட்டா திருப்பிக் கூப்பிடுவாங்க, எடுக்கலைன்னா போலீஸ் வாசலுக்கு வரலாம். நிரந்தரத் தீர்வுன்னா வெளி லைன் இலக்கத்தையே 9-ல இருந்து 8-க்கு மாத்திடணும். 60 ஃபோன்லயும் ஸ்டிக்கர் மாத்தணும், அவ்வளவுதான் செலவு. ஆனா 8-ல தொடங்கற ரூம் நம்பர் எதுவும் இல்லையான்னு பாத்துட்டு மாத்துங்க. (உயரமான ஹோட்டல்கள்ல 911-னே ரூம் இருக்கும். அங்க ரூம் எக்ஸ்டென்ஷனை வேற மாதிரி போட்டே ஆகணும்.)

புதுசா_வந்தவ
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. இப்பத்தான் செக்-அவுட் ஆன ஒரு ரூம்ல 933 அடிச்சேன், பிஸி டோன் வந்துச்சு. ஆள் இருக்கற ரூம்ல போச்சு, ஆனா 9 போட்டாத்தான். முகவரி மட்டும் வாசிச்சுது, ரூம் நம்பர் சொல்லல. முதலாளிகிட்ட எப்படிச் சொல்றது? அபராதம் உண்டா? கையெழுத்து?

கம்பிவேலை
அபராதம் 10,000 டாலர் வரைக்கும், அதுக்கு மேல நாளொன்றுக்கு 500 டாலர் வரைக்கும் போகும். அவர் காதுல முதல்ல அதைப் போடுங்க. சட்டப்படி சிஸ்டத்தை நிர்வகிக்கறவங்கதான் பொறுப்புன்னு முதல்ல எடுத்துக்குவாங்க. அது மோட்டல் நடத்தறவர், கவுன்ட்டர்ல நிக்கற ஊழியர் இல்ல. தப்பா நிறுவினவருக்கும் பொறுப்பு உண்டு, 2022 பில்லை வச்சுக்கிட்டு அவரையே கூப்பிடச் சொல்லுங்க. விசாவுக்கும் இதுக்கும் முடிச்சு போடாதீங்க. ஆனா சரியில்லைன்னு தெரிஞ்சும் "எல்லாம் சரி"ன்னு கையெழுத்து போட்டா அது பொய் அறிக்கை, அதைச் செய்யாதீங்க.

நாளைக்குக் காலைல நிறுவினவர்கிட்ட கேக்க வேண்டிய வரிசை: முதல்ல 9 இல்லாம 911, அது அரைமணி வேலை. அடுத்து செக்-அவுட் பூட்டு. அப்புறம் அறிவிப்பு எஸ்எம்எஸ். ரூம் வாரி முகவரி வியாழனுக்குள்ள முடியாது, அதனால ஆர்டர் போட்ட ரசீதைக் கையில வச்சுக்கங்க.

டயல்டோன்
தாள்ல உங்க பேர் வந்தே தீரணும்னா 'சோதித்தவர்' இடத்துல மட்டும். பக்கத்துல தேதி, ரூம் நம்பர், 933 வாசிச்ச முகவரி, என்ன சரியில்ல, எல்லாம் எழுதி ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க. 'சான்றளிப்பவர்' இடத்துல முதலாளியும் நிறுவினவரும் போடட்டும். திருத்தினதும் கட்டடத்துக்கு ரெண்டு ரூம், ஒவ்வொரு மாடிக்கும் ஒண்ணு, அதுல ஒண்ணாவது செக்-அவுட் ஆனது, மறுபடி 933.