அப்பாவோட ஆக்ஸிஜன் மெஷினும் பி.யு.பி (கரண்ட், தண்ணி) பில்லும், உங்க வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்க

ஈசூன்_மகள்:
வணக்கம், ரொம்ப நாளா மனசுல கெடந்தத இன்னைக்கு எழுதிடறேன். அப்பா சிங்கப்பூர் ஷிப்யார்டுல முப்பது வருஷம் வேலை பாத்தவரு, இப்ப சிஓபிடிங்கற நாள்பட்ட நுரையீரல் நோய், பாதி நுரையீரல் போச்சு. ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஆக்ஸிஜன் ஓடணும்னு டாக்டர் சொன்னதால, காத்துலேர்ந்து ஆக்ஸிஜன பிரிச்சுக் குடுக்குற கான்சென்ட்ரேட்டர் மெஷின வாடகைக்கு எடுத்தோம். வாடகைக்கு மெடிசேவ்ங்கற மருத்துவ சேமிப்புக் கணக்குலேர்ந்து மாசம் 75 வெள்ளி (டாலர்) வரைக்கும் எடுக்கலாம், ஆனா மெஷின் இழுக்குற கரண்டு நம்ம கையிலேர்ந்துதான். பின்னாடி 350 வாட்னு போட்டிருக்கு, 16 மணி நேரத்துக்கு 5.6 யூனிட், மாசத்துக்கு 168. 2021 அக்டோபர்ல நாங்க மலிவா எடுத்திருந்த கரண்ட் கம்பெனி கடைய மூடிட்டுப் போயிட்டாங்க, வழக்கமா கரண்ட் குடுக்குற எஸ்பி கம்பெனிக்கே திரும்பி வந்தோம், 2022 நடுவுல யூனிட் 30 காசைத் தாண்டிடுச்சு, ஆக இந்த ஒரு மெஷினுக்கே 50 வெள்ளி. நம்ம ஊரு கரண்டுல 95 பர்சென்ட் இறக்குமதி கேஸ்ல ஓடுது, எங்கயோ சண்டைன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரேட் மாத்துறப்போ நம்ம வீட்டுக் கதவ தட்டிடும்.

இது பரவாயில்ல, கட்டிடலாம். நான் சொல்ல வந்தது வேற. மூணு மாசம் கழிச்சு ஃபில்டர் மாத்த ஒரு தம்பி வந்தாரு. மெஷின்ல எத்தன மணி நேரம் ஓடிருக்குன்னு காட்டுற மீட்டர் ஒண்ணு இருக்கு, எனக்கு அது வரைக்கும் தெரியாது. 1,440 இருக்கணும், 870 தான் இருந்துச்சு. நான் காலைல வேலைக்கு கெளம்பினதும் அப்பா சுவிட்ச அமத்திடுவாரு, ஃபேனையும் சேத்து, நான் வர்ற நேரத்துக்கு திரும்ப போடுவாரு. ஏம்ப்பான்னு கேட்டா "நீ பில்ல வச்சுகிட்டு கணக்கு போட்டத பாத்தேன்மா, சும்மா ஒக்காந்திருக்கறவனுக்கு எதுக்கு"ங்கறாரு. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

தெம்பனீஸ்_செல்வா:
அக்கா படிச்சிட்டு கண்ணு கலங்கிடுச்சு. எங்கம்மாவுக்கு வாரம் மூணு தடவ டயாலிசிஸ், வீல்சேர் வேன்லதான் போகணும். 2022ல டீசல் ஏறினப்போ வேன்காரரு ட்ரிப்புக்கு 5 வெள்ளி ஏத்தினாரு, அவர குத்தம் சொல்ல முடியாது, அவருக்கும் குடும்பம் இருக்கு. ஆனா போக வர மாசத்துக்கு 26 ட்ரிப், 130 வெள்ளி கூட. அம்மா உடனே "சனிக்கிழமை ஒண்ண விட்டுட்டா என்னடா"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. ஒண்ணு விட்டா தண்ணி ஏறி கால் வீங்கி மூச்சு முட்டி ஏ அண்ட் ஈ (அவசர சிகிச்சைப் பிரிவு) வாசல்ல போய் நிக்கணும், இத எத்தன தடவ சொன்னாலும் அவங்களுக்கு அந்த 10 வெள்ளிதான் கண்ணுக்கு தெரியுது.

நர்ஸ்_மீனா:
நான் வீடு வீடா போய் பாக்குற நர்ஸ். இந்த "அமத்திடுறது" நான் நிறைய வீட்டுல பாத்திருக்கேன். படுக்கைப்புண் வராம இருக்க காத்து மெத்தை போட்டிருப்போம், பம்ப் நாள் பூரா ஓடணும், போய் பாத்தா ப்ளக் கீழ கெடக்கும். அந்த பம்ப் ஒண்ணும் பெருசா கரண்ட் இழுக்காது, ஆனா பாட்டிங்களுக்கு எந்த மெஷின் எவ்வளவு இழுக்கும்னு யாரு சொல்லிக் குடுத்தா? மிக் அட் ஹோம்னு ஆஸ்பத்திரி வார்டையே வீட்டுக்கு கொண்டு வர்ற திட்டம் 2024 ஏப்ரல்லேர்ந்து வழக்கமான சேவையா ஆயிடுச்சு, நல்ல விஷயம், நோயாளி சொந்தக் கட்டில்ல படுக்குறாங்க. ஆனா சிகிச்சை வீட்டுக்கு வர்றப்போ கரண்ட் பில்லும் கூடவே வருது, டிஸ்சார்ஜ் பேப்பர்ல அத யாரும் எழுதறதில்ல. நான் இப்ப மொத விசிட்லயே கேட்டுடறேன்.

யாழ்_மருமகள்:
எங்கட மச்சாள் ஊரில நர்ஸ். 2022 மார்ச் கடைசியில இலங்கையில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல, பிறகு பெற்றோலும் இல்ல, சைக்கிள் மிதிச்சுத்தான் டியூட்டிக்குப் போனவ. வீட்டில நெபுலைசர் வச்சிருந்த ஆக்கள் கரண்ட் வாற நேரம் பாத்து மருந்து பிடிச்சவை. இஞ்ச லைட் அணையுறேல்ல, ஆனா மீனா அக்கா சொன்ன மாதிரி நாங்களே அணைக்கிறம்.

ஈசூன்_மகள்:
எல்லாருக்கும் நன்றி. செல்வா தம்பி, ஆஸ்பத்திரி மெடிக்கல் சோஷியல் வொர்க்கர்கிட்ட வேன் செலவ வாய் விட்டு சொல்லுங்க, நாங்க கேக்கற வரைக்கும் யாரும் கேக்கல, கேட்டப்புறம் உக்காந்து கணக்கு பாத்து வழி சொன்னாங்க. யூ-சேவ்னு அரசாங்கம் பில்லுக்கு குடுக்குற தள்ளுபடி ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு வர்றது தானா பில்லுல கழிஞ்சிடும், நான் அத அப்பாவுக்கு பேனாவுல வட்டம் போட்டு காட்டினேன், பில்ல விட அந்த வட்டத்தத்தான் ரொம்ப நேரம் பாத்தாரு. பில்லு இப்ப என் ஃபோனுக்கு மட்டும்தான் வரும், பேப்பர்ல வேணாம்னு மாத்திட்டேன்.

மதியம் சாப்பிட்டதும் ஆக்ஸிஜன் மெஷின் மீட்டர் நம்பர வாய்ஸ் மெசேஜா அனுப்பணும்னு அப்பாகிட்ட பேசி வச்சிருக்கேன். நேத்து 4,318னு அனுப்பினாரு. பின்னாடி ஃபேன் ஓடுற சத்தமும் கேட்டுச்சு.