முன் இடது ஏபிஎஸ் சென்சார்: ஒயரா, சென்சாரா?

வணக்கம் நண்பர்களே, தருமபுரியில் இருக்கிறேன். என் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), டிராக்‌ஷன் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் காப்பது) விளக்குகள் சேர்ந்தே எரிகின்றன. ஸ்கேனர், முன் இடது சக்கரத்தின் வேகத்தை அளக்கும் வீல் ஸ்பீடு சென்சாரில் கோளாறு என்கிறது. லைவ் டேட்டாவில் மற்ற மூன்று சக்கரமும் ஒரே வேகம் காட்ட, இது மட்டும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்க ஒடித்தால் பூஜ்ஜியத்துக்கு விழுகிறது, நேராக்கினால் சரியாகிவிடுகிறது. சென்சாரைக் கழற்றிப் பார்த்தால் நுனியில் இரும்புத்தூள் அப்பியிருந்தது. துடைத்தும் அதே கதைதான். பேரிங்கில் ஆட்டம் இல்லை.

ஒயர்தான் உள்ளே அறுந்திருக்கும் என்று படுகிறது. ஆனால் சென்சாரோடு வரும் ஒயரிலா, கனெக்டருக்கு அப்பால் பாடி ஒயரிங்கிலா? இது ஹால் வகை (காந்தப்புல மாற்றத்தை உணரும்) சென்சார், மீட்டரில் ஓம் (மின்தடை) பார்த்துப் பயனில்லை. ஒயரை ஆட்டிக்கொண்டே வோல்டேஜ் பார்த்தவர்கள் முறையைச் சொல்லுங்கள். மழையில் தொப்பூர் கணவாயில் குடும்பத்தோடு இறங்கப் பயமாக இருக்கிறது. அப்புறம், கிருஷ்ணகிரி வரைக்கும் நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியன் இருந்தாலும் சொல்லுங்கள், வண்டியோடு வந்துவிடுகிறேன்.