ஸ்பேசர் வைத்து பெரிய பிரேக் மாட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மண்டபம் கேம்ப்

போன ஆடியில் நடந்தது. இன்னும் மனசில் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

வண்டி பழைய ஸ்விஃப்ட். முன்னால் பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்க நாலு பிஸ்டன் காலிப்பர். 15 இஞ்ச் அலாயின் ஸ்போக் காலிப்பரில் உரசியதால் ஹப்புக்கும் (சக்கரம் மாட்டும் நடுப் பாகம்) சக்கரத்துக்கும் நடுவில் 8 மி.மீ. தட்டு ஸ்பேசர் வைத்து, நட்டு முறுக்கும் ஸ்டட்டையும் நீளமானதாக மாற்றினேன். மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை.

அக்கா குடும்பம் ஊருக்கு வந்திருந்தது. அரிச்சல்முனை பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். பொழுது சாய்ந்துவிட்டது, போலீஸ்காரர்கள் வண்டிகளைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். இடிந்த சர்ச்சைத் தாண்டுவதற்குள் முன் இடது டயர் உட்கார்ந்துவிட்டது. சரி, பத்து நிமிஷ வேலை என்று ஜாக்கி போட்டேன். ஸ்டெப்னியைத் தூக்கி வைத்தால் 'டங்' என்று காலிப்பரில் இடிக்கிறது. அது 14 இஞ்ச் இரும்பு ரிம். எப்படிச் சுழற்றி வைத்தாலும் அதே இடி. கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கிறது. அக்கா பையன் நாலு நட்டையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, "மாமா, இப்ப குடுக்கவா?" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறான். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கடைசியில் ஒரு வேன்காரர் பிள்ளைகளையும் டயரையும் ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் போனார். பஞ்சர் ஒட்டித் திரும்பி வர ராத்திரி ஒன்பதரை.

தேவிபட்டினம்

எனக்கு ஸ்டெப்னி பிரச்சினை வரவில்லை, உதறல்தான். தொண்டி ரோட்டில் 80ஐத் தொட்டால் ஸ்டியரிங் கையில் நடுங்கும். 70க்கு இறங்கினால் நின்றுவிடும். மூன்று முறை பேலன்சிங் செய்தேன், டயரை மாற்றினேன். வீண் செலவு.

கடைசியில் ஒரு பட்டறை அண்ணன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஹப்புக்கும் ஸ்பேசருக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியைச் சொருகினார். அது பாட்டுக்கு உள்ளே போனது. ஹப் 54.1 மி.மீ., ஸ்பேசரின் நடு ஓட்டை 60. சக்கரத்தை நடுவில் பிடித்து நிறுத்துவது ஹப்பின் விளிம்பு. ஸ்பேசர் அதை மூடிவிட்டு, தன் பங்குக்கு ஒரு விளிம்பும் இல்லாமல் இருந்தால் சக்கரம் எதில் உட்காரும்? ராம்நாட்டில் லேத்தில் அளவெடுத்து, விளிம்போடு புதிதாகக் கடைந்து போட்டேன். உதறல் அன்றோடு சரி. அந்தத் தீக்குச்சி மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

உச்சிப்புளி

மண்டபம் தம்பி, கோபித்துக்கொள்ளாதே. உன் பின் சக்கரத்தில் டிரம் பிரேக்தானே, இடிக்கக் காலிப்பரே இல்லையே? பின் அலாயைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் போட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஒரு ஜாக்கி போதும். முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம். இதில் ஸ்பேசர்மேல் பழி போட ஒன்றுமே இல்லை. ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளும், அவ்வளவுதான். காலிப்பர் ஸ்போக்கில் இடித்தால் அது போதும். ரிம்மின் வளையத்தில் இடித்தால் எத்தனை மில்லி வைத்தாலும் தீராது, பெரிய ரிம்தான் வழி. உன் ஸ்டெப்னி இடித்தது வளையத்தில்.

என் கதை சின்னது. ஸ்பேசர் போட்ட மறுநாள் பாம்பன் பாலம் இறங்கியதும் 'கடக் கடக்' என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் ஒரு நட்டு விரலாலேயே சுற்றியது. வயிறு கலங்கிவிட்டது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். ஸ்பேசர் போட்டு 50, 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரென்ச் (முறுக்கை அளந்து முறுக்கும் ஸ்பானர்) வைத்து மறுபடி முறுக்குங்கள். நட்டு எத்தனை சுற்று பிடிக்கிறது என்று எண்ணுங்கள். ஸ்டட் 12 மி.மீ. என்றால் மரையும் 12 மி.மீ. ஆழமாவது பிடிக்க வேண்டும். ஸ்விஃப்டின் மரை ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. இறங்கும், அதனால் அது பத்து சுற்றுக்குக் கிட்ட. ஐந்தாறு சுற்றில் இறுகிவிட்டால் அந்த வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். அப்புறம், பெரிய பிரேக் நமக்கு எதற்கு? நம் பக்கம் மேடு பள்ளமே கிடையாது. மலை இறங்குபவனுக்குத்தான் பிரேக் சூடேறி மங்கும். நல்ல பேட் போட்டு, பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினாலே நம் ரோட்டுக்குப் போதும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குமேல்தான் கொதிக்கும். ஈரத்தை இழுத்துக்கொண்டால் அது 155 வரை இறங்கிவிடும். கடற்கரை ஈரம் கேட்க வேண்டுமா? ஹப்பில் கொஞ்சம் கிரீஸ் தடவவும் மறக்காதீர்கள்.

கீழக்கரை

உச்சிப்புளி அண்ணே, கிரீஸ் என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். புதுப் பையன்கள் ஸ்டட் மரையிலும் தடவிவிடுவார்கள். தடவினால் அதே முறுக்குக்கு ஸ்டட் கூடுதலாக இழுபட்டு நீளும். ஹப் முகத்தில் மெல்லிசாகப் பூசினால் போதும்.

ஆனால் பூசத்தான் வேண்டும். நான் பூசவில்லை. வீடு கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஒரு வருஷம் கழித்துப் பேட் மாற்றப் போனால் சக்கரம் வந்தது, ஸ்பேசர் வரவில்லை. அலுமினியமும் இரும்பும் உப்பு ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம்தான் அரிக்கும். சுற்றிலும் வெள்ளை மாவாகப் பூத்திருந்தது, கோலமாவு மாதிரி. எண்ணெய் ஊற்றி ஒரு பகல் ஊறவிட்டு, கட்டையை வைத்துத் தட்டினோம். இரண்டாக உடைந்துதான் வந்தது. உள்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. அதன் மேல்தான் என் அம்மாவை உட்காரவைத்து மதுரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓட்டியிருக்கிறேன்.

ராம்நாடு 65

எல்லோரும் மில்லி கணக்கு பேசுகிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை ஒருவரும் பேசவில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது சக்கரத்தைத்தான். என் மச்சானுக்கு அப்படித்தான் ஆறு மாதம் இழுத்தடித்தார்கள்.

தேவிபட்டினம்

சட்டம் சரி அண்ணே, அதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்பேசர் என்றாலே ஆபத்து என்று முடித்துவிட முடியாது. போர்ஷே தன் 911 டர்போவுக்குத் தொழிற்சாலையிலேயே ஸ்பேசர் வைத்து விற்றிருக்கிறது. அளவும் செய்நேர்த்தியும்தான் கேள்வி.

மண்டபம் கேம்ப்

உச்சிப்புளி அண்ணே, கோபமெல்லாம் இல்லை. பின் சக்கரத்தை மாற்றிப் போடலாம் என்று அந்த இடத்தில் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் செய்து பார்த்தேன். இருபது நிமிஷம்தான் ஆனது. ஸ்டெப்னி பின்னால் அழகாக உட்கார்ந்தது.

கீழக்கரை அண்ணன் எழுதியதைப் படித்ததும் ஸ்பேசரையும் கழற்றினேன். இப்போதே ஓரத்தில் வெள்ளை பூத்திருக்கிறது. சுரண்டி, துடைத்து, ஹப் முகத்தில் மட்டும் பூசிப் போட்டிருக்கிறேன். 15 இஞ்ச் அலாய் இன்னொன்று வாங்கி ஸ்டெப்னியாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். அது டிக்கிக் குழிக்குள் மூடி மூடுகிற மாதிரி உட்காருமா? யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள்.