சாத்தினால் போதுமா, பூட்டவும் வேண்டுமா? பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிரிட்டனில் புதிதாக வாடகை வீடு எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் எல்லாரும் இங்கிலீஷ் படித்துவிட்டுத்தான் வருகிறோம். ஆனால் வீட்டுக்காரரோ டீச்சரோ கதவு, ஜிப், பெல்ட் பற்றிப் பேசும்போது என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது சட்டென்று பிடிபடாது. தவறாகப் புரிந்துகொண்டால் பணம் போகும். சில இடங்களில் உயிருக்கே ஆபத்து.

முதலில் வாசற்கதவு. 'ஷட்', 'க்ளோஸ்' இரண்டுக்கும் சாத்தினால் போதும். 'லாக்' என்றால் சாவியைத் திருப்ப வேண்டும். இங்கே நிறைய வீடுகளில் வெள்ளை பிளாஸ்டிக் கதவுதான், யுபிவிசி என்பார்கள். அதை இழுத்துச் சாத்திவிட்டால் வெளியிலிருந்து திறக்க முடியாததுபோல இருக்கும். ஆனால் பல கதவுகளில் கைப்பிடியை மேலே தூக்கினால்தான் உள்ளே இருக்கும் கொக்கிகள் சட்டத்தில் மாட்டும். அதற்குப் பிறகு சாவியைத் திருப்பினால்தான் அது பூட்டு. வெளியே கிளம்பும்போது தூக்கு, திருப்பு, இழுத்துப் பார் என்று வீட்டில் எல்லாருக்கும் பழக்கிவிடுங்கள்.

பழைய மரக்கதவில் நைட் லாட்ச் இருக்கும். 'யேல் லாக்' என்றே பலர் சொல்வார்கள். சாத்தியதும் தானாக விழுந்துவிடும். குப்பை போட வெளியே வந்த நேரத்தில் காற்றில் கதவு அடித்துக்கொண்டால் வெளியே நிற்க வேண்டியதுதான். அப்போது போனில் 'ஐ ஆம் லாக்டு அவுட்' என்று சொல்லுங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் 'லாக்டு இன்'. 'லீவ் இட் ஆன் த லாட்ச்' என்று யாராவது சொன்னால் பூட்ட வேண்டாம் என்று அர்த்தம். நைட் லாட்ச் உள்ள வீட்டில், உட்பக்கம் இருக்கும் சின்னக் குமிழைத் தள்ளி, தாழ் விழாமல் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள்.

வீட்டுச் சாமான்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது என்ன பூட்டு என்று கேட்பார்கள். மரக்கதவின் விளிம்பில் உள்ள உலோகத் தகட்டில் பிஎஸ் 3621 (பூட்டுக்கான பிரிட்டிஷ் தரக் குறியீடு) என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள். தோராயமாக எதையாவது எழுதிவிட்டால் திருட்டு போன பிறகு பணம் வாங்குவது கஷ்டம். ஊருக்குப் போகும் முன் 'செக்யூர் த ப்ராப்பர்ட்டி' என்று ஏஜென்ட் மெயில் அனுப்பினால், ஜன்னல் உட்பட எல்லாவற்றையும் சாத்திப் பூட்டச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஃபிளாட்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். பொது நடைக்கதவுகளில் நீல வட்டத்தில் 'ஃபயர் டோர் கீப் ஷட்' என்று ஒட்டியிருக்கும். எப்போதும் சாத்தியே இருக்க வேண்டும், பூட்டக் கூடாது. குழந்தையின் தள்ளுவண்டி உள்ளே வர வேண்டும் என்று அந்தக் கதவுக்குச் செருப்பையோ ஆப்பையோ முட்டுக்கொடுக்காதீர்கள். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்தார்கள். பல ஃபிளாட் கதவுகளில் தானாகச் சாத்தும் கருவி இல்லை அல்லது வேலை செய்யவில்லை, அதனாலும் புகை பரவியது என்று விசாரணை அறிக்கை சொன்னது. இப்போது இங்கிலாந்தில் 11 மீட்டருக்கு மேல் உயரமான குடியிருப்புகளில் பொதுக் கதவுகளை 3 மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஃபிளாட் வாசற்கதவையும் வருடம் ஒருமுறை பார்க்க வருவார்கள், உள்ளே விடுங்கள். கதவு வேகமாக அடித்துச் சத்தம் போடுகிறது என்று அந்தக் கருவியைக் கழற்றிவிடாதீர்கள். சரிசெய்து தரச் சொல்லிக் கேளுங்கள். இரவில் உள் அறைக் கதவுகளையும் சாத்திவிட்டுத் தூங்குவது நல்லது. வாசற்கதவுச் சாவி மட்டும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

குழந்தைகள் விஷயம். ரிசப்ஷன் வகுப்பில் (பள்ளியின் முதல் வகுப்பு) சேரும் முன் 'கேன் ஷி டூ அப் ஹர் கோட்?' என்று கேட்பார்கள். கோட்டின் ஜிப்பையோ பொத்தானையோ தானே போடத் தெரியுமா என்பதுதான் கேள்வி. கழற்றுவதற்கு 'அன்டூ'. வெல்க்ரோ ஷூ வாங்கிக் கொடுத்தால் பிள்ளைக்கும் டீச்சருக்கும் நிம்மதி.

காரில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை இருக்கை வேண்டும். 14 வயதுக்குட்பட்டவர்கள் பெல்ட் போடாவிட்டால் ஓட்டுநர்தான் பொறுப்பு, அபராதம் 500 பவுண்டு வரை போகலாம். பக்கிளை 'க்ளிக்' என்று மாட்டியதோடு விட்டுவிடாதீர்கள். குளிர்காலத்தில் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, தோள்பட்டை அருகே வாரைக் கிள்ள முடியாத அளவுக்கு இறுக்குங்கள். ஜாக்கெட்டோடு மாட்டினால் வார் உண்மையில் தொளதொளவென்றுதான் இருக்கும். குளிருக்கு மேலே போர்வை போர்த்தலாம். சொந்தக்காரர் காரில் ஏறினாலும் இதையே செய்யுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

கதவிடுக்கில் விரல் நசுங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால் 'ஐ ஷட் மை ஃபிங்கர் இன் த டோர்' என்று சொன்னால் போதும்.

குழாயை மூடுவதற்கும் 'க்ளோஸ்' என்று சொல்லலாமா என்று சிலருக்குச் சந்தேகம் வரும். குழாய், லைட், கேஸ் எதற்கும் 'க்ளோஸ்' வராது, 'டர்ன் ஆஃப்' தான். பைப் உடைந்து தண்ணீர் கொட்டினால் பிளம்பர் போனில் 'டர்ன் ஆஃப் த ஸ்டாப்காக்' என்பார். வீட்டுக்கு வரும் மொத்தத் தண்ணீரையும் நிறுத்தும் வால்வு அது. பெரும்பாலும் சமையலறை சிங்க்குக்கு அடியில் இருக்கும். சாவி வாங்கும் அன்றே வீட்டுக்காரரிடம் இடத்தைக் கேட்டு, ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.